பால் பைத்தானின் முதல் ஈத்து: இனப்பெருக்கத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு) வளர்க்கத் தொடங்கி ஒரு வருடம் ஆனவர்கள் என்னிடம் கேட்பது, "ஆணையும் பெண்ணையும் எப்போது சேர்த்து விடலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "ஆறு குட்டி பொரிந்தால் ஆறும் எங்கே போகும்?" இதற்குப் பதில் கையில் இருந்தால்தான் அந்த முதல் கேள்விக்கே வரலாம். வெப்பம், ஈரம், முட்டை, மரபணு எல்லாம் கற்றுக்கொண்டுவிடலாம். ஆனால் இந்தப் பாம்பு நல்ல கவனிப்பில் 20, 30 வருடம் இருக்கும். செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 1961 முதல் இருந்த ஒரு பெண் பாம்பு 2020 ஜூலையில் ஏழு முட்டை வைத்தது. அப்போது அதற்கு வயது அறுபதுக்கு மேல். பதினைந்து வருடத்துக்கும் மேலாக அதன் பக்கத்தில் ஆணே இல்லை. இன்று நீங்கள் ஒரு ஜோடியைச் சேர்த்தால், அதில் பொரியும் குட்டிகள் உங்கள் பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் யாராவது ஒருவர் வீட்டில் எலி தின்றுகொண்டிருக்கும்.

நான் டெக்சாஸில், டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறேன். நான்கு பெண், இரண்டு ஆண். வருடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பெண்ணை மட்டும் முட்டைக்கு விடுகிறேன். பெரிய அளவில் செய்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார்கள். அவர்கள் கணக்கு வேறு. இங்கே எழுதுவது வீட்டில் ஒரு அறையில், முதல் ஜோடியோடு தொடங்குகிறவருக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இருந்து படிக்கிறீர்கள் என்றால், நம் ஊர் மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். பால் பைத்தான் வெளிநாட்டு இனம், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பிற்சேர்க்கையில் வருவது. 2022இல் திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பிறகு, இப்படிப்பட்ட இனங்களை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும் கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் பால் பைத்தான் பிடிபட்ட செய்தியை நீங்களே எத்தனையோ தடவை படித்திருப்பீர்கள். காகிதம் இல்லாத பாம்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள். மற்ற நாடுகளில் இருப்பவர்களும் தங்கள் மாநிலச் சட்டம், நகரச் சட்டம், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். டெக்சாஸில் ரெட்டிகுலேட்டட் பைத்தான், ஆப்பிரிக்கப் பாறைப் பைத்தான் போன்ற பெரிய இனங்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். பால் பைத்தானுக்கு வேண்டாம்.

ஏன் இந்த இனம்?

மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் புல்வெளிகளில், எலி வளைகளிலும் கைவிடப்பட்ட கரையான் புற்றுகளிலும் வாழ்கிற பாம்பு இது. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் பந்தைக் குறிக்கும் 'பால்' என்ற பெயர் அதனால் வந்தது. பிரிட்டனில் இதையே ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனினில் உய்தா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. பாம்புப் புற்றுக்குப் பால் ஊற்றும் ஊரிலிருந்து வந்த நமக்கு அது விசித்திரமாகத் தெரியாது. வளர்ந்த பெண் நாலு, நாலரை அடி. ஆண் அதைவிடச் சிறியது. ஒரு ஆள் தனியாகக் கையாளலாம். பர்மியப் பைத்தான் அப்படி இல்லை. 15 அடிக்கு மேல் போகும், ஒரு தடவைக்கு டஜன் கணக்கில் முட்டை வைக்கும். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் அது பெருகி அங்கிருந்த பாலூட்டிகளை அழித்துவருவது எல்லோருக்கும் தெரிந்த கதை. புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முதல் வேலை, பெண் பாம்பை ஆளாக்குவது

ஜோடி சேர்ப்பதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. பெண்ணுக்குக் குறைந்தது 1500 கிராம் எடையும் மூன்று வயதும் வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று போதாது. வாரத்துக்கு இரண்டு எலி திணித்து 18 மாதத்தில் 1500 கிராமைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பாம்பில் இருப்பது கொழுப்பு. முட்டை வைத்து முடிக்கும்போது ஒரு பெண் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழக்கும். நிதானமாக வளர்ந்த உடம்புதான் அதைத் தாங்கும். நான் 1700 வரும்வரை காத்திருக்கிறேன். ஆணுக்கு 600, 700 கிராமும் ஒரு வயதும் ஆகிவிட்டால் போதும்.

இருப்பிடம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டியின் ஒரு முனை 31, 32 டிகிரி செல்சியஸ், மறுமுனை 26, 27. ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி. இரண்டு முனையிலும் உடம்பு உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம். வெப்பத் தகடு எதுவாக இருந்தாலும், வெப்பத்தை அளவோடு நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் சொருகக் கூடாது. அதன் உணர்முனையை டேப் போட்டு ஒட்டாதீர்கள், ஈரத்தில் கழன்று வெப்பம் எகிறிவிடும். பாம்பின் தோல் டேப்பில் ஒட்டிக் கிழிவதும் உண்டு. எலி உறைய வைத்ததாக இருக்கட்டும், வெந்நீரில் இளக்கிக் கொடுங்கள். உயிருள்ள எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

இன்னொரு பாம்பை வாங்கி வருகிறீர்களா? 90 நாள் வேறு அறை. இதில் நான் பட்டிருக்கிறேன். இரண்டாவது வருடம் ஒரு ஊர்வன விற்பனைக் கண்காட்சியில் அழகான ஆண் ஒன்றை வாங்கி, ஆசையில் பத்தே நாளில் மற்றவற்றோடு ஒரே அலமாரியில் வைத்துவிட்டேன். ஒரு காலை, பெண்ணின் தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போல ஏதோ கிடந்தது. விரலால் தொட்டால் ஒரு புள்ளி நகர்ந்தது. பாம்பு உண்ணி. கண்ணோரச் செதிலுக்கு அடியிலும் தாடைக் குழியிலும் அப்பிக்கொண்டு இரத்தம் குடிக்கும் பூச்சி. அவற்றை ஒழிக்க மூன்று மாதம் ஆயிற்று, அந்தப் பருவமே போய்விட்டது. உண்ணியாவது கண்ணுக்குத் தெரியும். நிடோ வைரஸ் என்று ஒன்று இருக்கிறது, மூச்சுத் தொற்றாக வந்து கூட்டத்தையே காலி செய்யும். வெளியிலிருந்து வரும் பாம்பின் வாயில் பஞ்சு தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் அது இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். புதிய பாம்பை வாங்கும் காசில் இந்தப் பரிசோதனைக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

அப்புறம், ஆண் என்று சொல்லி வாங்கியது ஆண்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வால் அடியில் மெல்லிய கம்பி விட்டு ஆழம் பார்க்கும் முறை உண்டு. ஆணில் ஆழமாகப் போகும், பெண்ணில் சில செதில் தூரத்தில் நின்றுவிடும். இதை நீங்களே செய்து பழகாதீர்கள், அனுபவசாலியிடமோ ஊர்வன மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். தப்பாகக் குத்தினால் பாம்புக்கு நிரந்தரக் காயம். இரண்டு ஆணை ஒரே பெட்டியில் விட்டால் சண்டை வேறு.

மரபணுவில் எதைத் தேர்ந்தெடுப்பது

1992இல் பாப் கிளார்க் என்பவர் அமெரிக்காவில் முதன்முதலாக அல்பினோ பால் பைத்தான் குட்டிகளைப் பொரிக்க வைத்தார். நிற, வடிவ மாற்றங்களைத் தேடும் இந்தத் துறை அங்கிருந்துதான் சூடு பிடித்தது. இந்த மாற்றங்களைத்தான் 'மார்ஃப்' என்கிறோம். இன்று மார்ஃபும் அவற்றின் கலப்புகளும் ஆயிரக்கணக்கில் உண்டு. பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம், அடிப்படை மூன்றே வகை.

அல்பினோ, பைபால்ட் போன்றவை ஒடுங்கு தன்மை கொண்டவை. தாய் தந்தை இரண்டு பக்கமிருந்தும் அந்த மரபணு வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பாம்பு சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே சுமந்துகொண்டிருக்கும். இதை 'ஹெட்' என்பார்கள். பாஸ்டல் போன்றவை வேறு: ஒரு பிரதி வந்தாலே தெரியும், இரண்டு பிரதி வந்தால் இன்னும் தூக்கலாக, 'சூப்பர் பாஸ்டல்' ஆக வரும். மூன்றாவது வகையில் ஒரு பிரதி போதும், இரண்டாவது பிரதியால் தோற்றம் மாறாது.

இரண்டு ஹெட் அல்பினோவைச் சேர்த்தால் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. இதை "நாலு முட்டைக்கு ஒரு அல்பினோ உறுதி" என்று படிக்காதீர்கள். ஒவ்வொரு முட்டையும் தனித்தனியாகத் தாயம் உருட்டுவது மாதிரி. ஆறு முட்டையில் ஒன்றுகூட அல்பினோ இல்லாமல் போக நூற்றுக்கு 18 தடவை இடமிருக்கிறது. அதே ஹெட் பெண்ணை அல்பினோ ஆணோடு சேர்த்தால் முட்டைக்குப் பாதி வாய்ப்பு. அல்பினோவாக வராத குட்டிகளும் எல்லாமே உறுதியான ஹெட். புதியவருக்கு நான் சொல்வது, நல்ல ஒடுங்கு மரபணு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அது வெளியே தெரிகிற ஆணாக வாங்குங்கள். ஆண் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று பெண்ணோடு சேரும். பணத்தை அதில் போடுவதுதான் பலன் தரும். பெண் ஹெட்டாக இருந்தால் போதும்.

ஒரு சுவாரசியமான விஷயம். மலைப்பாம்புகளில் பாலினம் நம்மைப் போல எக்ஸ், ஒய் முறையில் முடிவாகிறது என்று 2017இல்தான் நிறுவினார்கள். அதற்கு முன்பே வளர்ப்பாளர்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. 'பனானா' என்ற மஞ்சள் மார்ஃப் ஆண் சிலதுக்குப் பிறக்கும் பனானாக்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆண். வேறு சிலதுக்கு எல்லாமே பெண். அந்த மரபணு பாலினக் குரோமோசோமிலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பனானா ஆண் வாங்குகிறவர் அதன் தாய் பனானாவா, தகப்பன் பனானாவா என்று கேட்டே வாங்குங்கள்.

இப்போது எந்த மரபணுவைத் தொடக் கூடாது என்பது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 'ஸ்பைடர்' என்ற மார்ஃப் பார்க்க அழகு, மேலே சிலந்தி வலை போலக் கோடுகள். அந்த மரபணு உள்காதின் அமைப்பையே கோணலாக்குகிறது. 2022இல் நுண் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். டல்லாஸ் பக்கத்து ஆர்லிங்டனில் நடந்த கண்காட்சியில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் விட்டதும் தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கிப் போனது, தலை தவறி ஓரத்துக்குப் போனது, கழுத்து முறுக்கிக்கொண்டு அடிவயிறு மேலே வந்தது, மறுபடி நிமிர்ந்தது. விற்றவர் "கொஞ்சம்தான் ஆடும், நன்றாகச் சாப்பிடும்" என்றார். கொஞ்சமோ நிறையவோ, எது மேல் எது கீழ் என்று தெரியாமல் 25 வருடம் வாழப்போகிற உயிரை நிறத்துக்காக உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஷாம்பெயின், வோமா மார்ஃப்களிலும் இந்த ஆட்டம் உண்டு. சூப்பர் சின்னமன், சூப்பர் பிளாக் பாஸ்டல் இரண்டிலும் வாத்து அலகு மாதிரி மூக்கும் வளைந்த முதுகெலும்பும் வரும். காரமல் அல்பினோவில் முதுகெலும்பு முறுக்கு. டெசர்ட் மார்ஃப் பெண்கள் முட்டையை வெளியே தள்ள முடியாமல் செத்துப்போகும். ஒவ்வொரு மார்ஃபையும் வாங்குவதற்கு முன் அதற்கு என்ன குறை என்று தேடிப் பாருங்கள்.

சேர்க்கும் காலம்

வட பாதிக் கோளத்தில் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. இரவு வெப்பத்தை 24, 25க்கு இறக்கி, பகலில் வழக்கம்போல வைப்பார்கள். இப்படிக் குளிர்விக்காமலே முட்டை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் வீட்டின் இயல்பான குளிருக்கு மேல் எதுவும் செய்வதில்லை. சளி பிடித்த, மெலிந்த பாம்பைக் குளிரில் விடவே கூடாது.

ஆணைப் பெண்ணின் பெட்டியில் விடுங்கள், மாலையில். மூன்று நாள் இருக்கட்டும், பிறகு எடுத்து ஒரு வாரம் ஓய்வு. மறுபடி மூன்று நாள். வால்கள் இரண்டும் பின்னிக்கொண்டு அசையாமல் கிடந்தால் இணை சேர்ந்திருக்கின்றன. சில மணி நேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்கவும் நீளும். தூக்கிப் பார்க்காதீர்கள், பிரிக்காதீர்கள். தேதியை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் ஆண் சாப்பிடாமல் மெலியும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடை குறைந்தால் அந்த வருடம் அதற்குப் போதும் என்று நிறுத்திவிடுங்கள்.

குளிர்காலம் என்றதும் 2021 பிப்ரவரி நினைவுக்கு வருகிறது. டெக்சாஸில் பனிப்புயல், மாநிலம் முழுக்க மின்வெட்டு. எங்கள் வீட்டில் இரண்டு நாள் மின்சாரம் சரியாக இல்லை, கூடத்தில் மூச்சு விட்டால் புகை தெரிந்தது. பாம்புகளை ஒவ்வொன்றாகத் தலையணை உறையில் போட்டு முடிச்சிட்டு, மீன் ஐஸ் வைக்கும் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கினேன். கேஸ் அடுப்பு வேலை செய்தது. மனைவி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிச் சுற்றிக் கொடுத்தாள், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றினோம். நடுவில் தெர்மாமீட்டர் 23க்குக் கீழே போகவில்லை. எல்லாம் பிழைத்தன. அதிலிருந்து அந்தப் பெட்டியும் எட்டு பாட்டிலும் அலமாரி மேலேயே இருக்கின்றன. மின்வெட்டு நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. எந்த நாட்டில் இருந்தாலும் இந்த ஏற்பாட்டைச் செய்த பிறகு சேர்த்து விடுங்கள்.

சினைக் காலம்

பெண் குளிர்ந்த முனைக்குப் போய்த் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு படுத்தால், முட்டைக் கரு வளர்கிறது என்று ஊகிக்கலாம். ஒரு நாள் காலையில் உடம்பின் நடுப்பகுதி திடீரென்று வீங்கியிருக்கும், முழு எலியை விழுங்கியது போல. அதுதான் கருமுட்டை வெளிப்படும் நாள். ஒரு நாளில் வீக்கம் வடிந்துவிடும், தினமும் பார்க்காதவருக்குத் தெரியாமலே போகும். அதற்குப் பிறகு ஆண் தேவையில்லை. இரண்டு மூன்று வாரத்தில் பெண் ஒரு சட்டை உரிக்கும். அந்தத் தேதியைக் காலண்டரில் பெரிதாக வட்டமிடுங்கள். அதிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை.

இடைப்பட்ட காலத்தில் சாப்பிட மறுக்கும், சூட்டு முனையிலேயே கிடக்கும், சில சமயம் மல்லாந்தும் கிடக்கும். பயப்பட வேண்டாம், கையில் எடுக்கவும் வேண்டாம். தரையில் ஈரப்பாசி கொஞ்சம் போட்டு மறைவிடத்தை அகலமாக்கிவிடுங்கள், போதும்.

முட்டை

பெரும்பாலும் இரவில் வைக்கும். என் முதல் ஈத்து ஒரு மே மாதம், விடிகாலை ஐந்து மணி. பெட்டியை மெதுவாக இழுத்தேன். தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காகச் சுருண்டிருந்தது, நடுவில் தலை. சுருளின் இடுக்கில் வெள்ளையாக ஒரு ஓரம் மட்டும் தெரிந்தது. கிராமத்தில் அடைக்கோழி கூடைக்குள் கை விட்ட அனுபவம் இருந்தால் இது பிடிபடும். ஆத்தா கோழியின் கண்ணில் துணியைப் போடுவாள், அதே வேலைதான். ஒரு மெல்லிய துண்டைத் தலைமேல் போட்டு, வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். உடம்பு இறுகும். இழுக்கக் கூடாது, அதுவே தளரும்வரை காத்திருந்து அடுத்த சுற்றை எடுக்க வேண்டும். பத்து நிமிடம் ஆனது. ஏழு முட்டை, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கொத்தாக.

கொத்தைப் பிரிக்காதீர்கள். எப்படிக் கிடந்ததோ அப்படியே மேல்பக்கம் மேலே இருக்க எடுங்கள், பென்சிலால் மேலே ஒரு புள்ளி வையுங்கள். கோழி முட்டையைத் திருப்பி வைப்பது போல இதைத் திருப்பினால் கரு செத்துவிடும். அப்புறம் இருட்டில் சின்ன டார்ச்சை ஓட்டில் அழுத்திப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது. சின்னதாக, மஞ்சளாக, மெழுகு பூசினாற்போல இருப்பது கூமுட்டை. என் ஏழில் இரண்டு அப்படி. முதல் தடவை பெண்ணுக்கு இது சகஜம். சந்தேகமான முட்டையை எறிந்துவிடாதீர்கள், அழுகி நாற்றம் வந்தால் மட்டும் எடுங்கள்.

தாயே அடை காக்கவும் விடலாம். இரண்டு மாதம் சாப்பிடாமல் சுற்றிக்கொண்டிருக்கும், கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அறையின் வெப்பமும் ஈரமும் உங்கள் பிடியில் இருக்க வேண்டும். முதல் தடவைக்கு, முட்டையைச் சூட்டில் வைத்துப் பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டிதான் பாதுகாப்பு. முட்டையை எடுத்த பிறகு தாயின் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவி, தாயின் உடம்பையும் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிடுங்கள். முட்டை வாசம் இருக்கும்வரை சுருண்டே கிடக்கும், சாப்பிடாது. வாசம் போன ஒரு வாரத்தில் சின்ன எலியாகக் கொடுத்துத் தொடங்குங்கள். அடுத்த வருடம் அதற்கு ஓய்வு. போன எடை முழுக்கத் திரும்பியிருந்தாலும் நான் ஒரு வருடம் விட்டுத்தான் சேர்க்கிறேன்.

இன்குபேட்டருக்குப் பழைய தெர்மாகோல் பெட்டி அல்லது ஓடாத சின்ன ஃபிரிட்ஜ் போதும். உள்ளே வெப்ப வயர், நல்ல தெர்மோஸ்டாட், வெப்பம் நிலைக்கத் தண்ணீர் பாட்டில் நாலு. முட்டை வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓடவிட்டு, 31.5 டிகிரியில் அசையாமல் நிற்கிறதா என்று வேறொரு தெர்மாமீட்டரில் சரிபாருங்கள். 33க்கு மேல் போனால் குட்டி ஊனமாகும் அல்லது சாகும். கொஞ்சம் குறைவது அவ்வளவு ஆபத்தில்லை. முட்டையை வைக்க மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா. அடியில் ஈர வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்), கையில் அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு மட்டும் வரும் பதம். அதற்கு மேல் பிளாஸ்டிக் வலை, வலைமேல் முட்டை. தண்ணீர் முட்டையைத் தொடவே கூடாது, மூடியில் திரளும் நீரும் மேலே சொட்டக் கூடாது. வாரம் ஒரு தடவை மூடியைத் திறந்து காற்று மாற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள். அவ்வளவுதான் வேலை. கடைசி பத்து நாளில் முட்டைகள் குழி விழுந்து ஒடுங்கும். இதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவர்கள் அநேகம். முதல் மாதத்தில் குழி விழுந்தால் ஈரம் குறைவு, 50 நாளுக்குப் பிறகு விழுந்தால் காலம் நெருங்கிவிட்டது.

பொரிப்பு

55க்கும் 60க்கும் இடைப்பட்ட நாளில் ஓட்டில் சின்னக் கீறல் விழும். குட்டியின் மூக்கு நுனியில் இதற்கென்றே ஒரு பல் இருக்கிறது, கொஞ்ச நாளில் விழுந்துவிடும். கீறிய பிறகும் வெளியே வராது. மூக்கை மட்டும் நீட்டி வைத்துக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் கிடக்கும். மீதி மஞ்சள் கருவை உள்ளிழுக்கிற நேரம் அது. இழுத்து எடுத்தால் கரு வெளியே சிதறி இரத்தப்போக்கில் செத்துவிடும். என் ஐந்தில் நான்கு இரண்டு நாளில் வந்தன. ஐந்தாவது மூன்றாம் நாளும் கீறவில்லை. சின்னக் கத்தரியால் மேல்பக்கம் மட்டும் விரல் நக அளவு திறந்துவிட்டேன், உள்ளே உயிரோடுதான் இருந்தது. மற்றவை கீறிய பிறகு பின்தங்கியதற்கு இப்படி உதவலாம். அவசரப்பட்டு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் அறுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

குட்டி 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டப்பா, ஈரமான பேப்பர் துண்டு, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், ஒரு மறைவிடம். ஏழு முதல் பத்து நாளில் முதல் சட்டை உரிக்கும், அதற்கு முன் உணவு கொடுக்காதீர்கள். அதன்பிறகு குட்டி எடையில் பத்தில் ஒரு பங்குள்ள சுண்டெலி. கண் திறந்து துள்ளும் பருவத்து எலியின் வாசம்தான் அவற்றுக்குப் பிடிக்கிறது. எலியை நன்றாகச் சூடாக்கி, இருட்டில், நீண்ட இடுக்கியால் லேசாக அசைத்துக் காட்டுங்கள். வாங்காவிட்டால் எடுத்துவிட்டு ஐந்து நாள் கழித்து மறுபடி. தினமும் தொந்தரவு செய்தால் பயந்து இன்னும் மறுக்கும். வாயைத் திறந்து திணிப்பது கடைசி வழி, அதையும் அனுபவசாலி பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். குட்டிகளைத் தொட்ட பிறகு கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி ஊர்வன பலவற்றிலும் இருக்கும், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

கொடுப்பது

ஐந்து தடவை தானாகச் சாப்பிட்ட பிறகே ஒரு குட்டியைக் கொடுக்கிறேன். பொரித்த தேதி, தாய் தந்தை மரபணு, ஒவ்வொரு உணவுத் தேதி, எடை, சட்டை உரித்த நாள் எல்லாம் ஒரு அட்டையில் எழுதிக் கூடவே போகும். ஹெட் என்று நிச்சயமாகத் தெரியாததை ஹெட் என்று விற்காதீர்கள். வாங்கியவர் மூன்று வருடம் கழித்துத்தான் ஏமாந்தது தெரிந்துகொள்வார்.

வருமானம் பற்றிக் கேட்பீர்கள். ஊர்வன வாங்கி விற்கும் மார்ஃப்மார்க்கெட் இணையதளத்தில் ஒரு மாதம் விலைகளைப் பாருங்கள். சாதாரண நிறக் குட்டி 50 டாலருக்குக் கீழே கிடக்கிறது, ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் போன பல மார்ஃப்களும் இன்று இருநூறைத் தாண்டுவதில்லை. எலி, மின்சாரம், மருத்துவர் எல்லாம் போக என் கையில் நிற்பது அடுத்த வருடத்து எலிச் செலவு, சில வருடம் அதுவும் இல்லை. பணத்துக்காக என்றால் வேறு தொழில் பாருங்கள். தூரத்து ஊருக்கு அனுப்புவதானால், அமெரிக்கத் தபால் துறை பாம்பை ஏற்காது. உயிரினம் அனுப்ப அனுமதி தரும் கூரியரில், வெப்பம் காக்கும் பெட்டியில், இரவோடு இரவாகப் போய்ச் சேரும்படிதான் அனுப்ப வேண்டும். முடிந்தவரை நேரில் கொடுங்கள். வாங்குகிறவரின் பெட்டியையும் தெர்மோஸ்டாட்டையும் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே நான் சம்மதிக்கிறேன். இரண்டு பேருக்கு மறுத்திருக்கிறேன்.

அந்த முதல் ஈத்தில் நான்கு போய்விட்டன. கத்தரியால் திறந்துவிட்ட ஐந்தாவது, பெண், ஒன்பது வாரம் எலியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பத்தாவது வாரம் டப்பாவுக்குள் காகிதக் கப்பைக் கவிழ்த்து ஓரத்தில் ஓட்டை போட்டு வைத்தேன். அதற்குள் ஒளிந்துகொண்டு தலையை மட்டும் நீட்டியபடி முதல் சுண்டெலியைப் பிடித்தது. இப்போது அதற்கு 1640 கிராம். இந்த நவம்பரிலும் சேர்க்கப்போவதில்லை, இன்னும் 60 கிராம் ஏற வேண்டும்.